வரைபடத்தில் 400 மீட்டர், காலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வாடகைக்கு இருக்கிறோம். சர்ஜாப்பூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். பஸ் நிறுத்தம் 400 மீட்டர் என்றார் விற்பவர். நடந்து பார்த்தால் ஒன்றரைக் கிலோமீட்டர். வட்டாரம் வளர வளர இது சரியாகிவிடுமா?

பதில்: தானாகச் சரியாகாது. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவார்கள்; தெருவை மட்டும் யாரும் எளிதில் மாற்றுவதில்லை.

மல்லேஸ்வரம், பசவனகுடி, ஜெயநகர் போன்ற பகுதிகளில் முதலில் தெருவை வகுத்தார்கள், பிறகு மனையை விற்றார்கள். மெயின், கிராஸ் என்று பெயரிட்ட தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சந்திக்கும் அமைப்பில், நேர்கோட்டில் 400 மீட்டர் என்றால் எவ்வளவு சுற்றினாலும் ஏறக்குறைய 570 மீட்டருக்குள் போய்விடலாம். உங்களுக்கோ நேர்கோட்டுத் தூரத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிறது!

காரணம், உங்கள் பக்கத்தில் நிலம் கைமாறிய விதம். ஒவ்வொரு சர்வே எண்ணும் தனித்தனியாக விலைபோனது. வாங்கியவர் பிரதான சாலையிலிருந்து தன் நிலத்துக்குள் ஒரு சாலை போட்டார், எல்லையில் மதில் எழுப்பினார். அடுத்தவரும் அப்படியே. இரண்டு முட்டுச்சந்துகள் ஒரே மதிலின் இரு புறமும் முதுகைக் காட்டி நிற்கும். நடுவில் ஏரியோ ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயோ வந்துவிட்டால் பாலமும் இருக்காது. பால் வாங்கப் போகிறவரும் பள்ளி வேனும் அதே ஒற்றைச் சாலையில்தான் வந்து விழ வேண்டும். நெரிசலுக்கு வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் குறை சொல்வது பாதி உண்மைதான்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், கிராம வரைபடத்தில் அந்த சர்வே எண்ணைப் பாருங்கள். கர்நாடக அரசின் திஷாங்க் செயலியில் எண்ணைக் கண்டுபிடிக்கலாம். பழைய வண்டிப்பாதை ஏதேனும் எல்லையைத் தொட்டுப் போகிறதா என்பது முக்கியம். பாதை பொதுவழியாகப் பதிவாகியிருந்தால் அதைத் திறக்கச் சொல்லிக் கேட்கப் பிடிமானம் உண்டு. வளாகத்தின் உள்சாலை உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டதா, அதற்குப் பத்திரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மாஸ்டர் பிளானில் கோடாக மட்டும் இருக்கும் சாலையை நம்பிக் கூடுதல் விலை தராதீர்கள். நிலம் எடுக்காதவரை அது வெறும் கோடு.

உங்கள் பஸ் நிறுத்தம் பக்கத்து வளாகத்து மதிலுக்கு அப்பால் இருக்கிறது என்றால், கார் போகும் சாலைகூட வேண்டாம். ஆள் நுழையும் அளவுக்கு ஒரு திட்டிவாசல் போதும். செலவு சொற்பம். தடையாக நிற்பது, "வெளியாட்கள் வந்துவிடுவார்கள்" என்ற குடியிருப்போர் சங்கங்களின் பயம்தான். இரண்டு சங்கங்களிடமும் இப்போதே பேசிப் பாருங்கள். வாசலுக்கு அவர்கள் எழுத்தில் சம்மதம் தராவிட்டால், நானாக இருந்தால் அல்சூரிலேயே வாடகையைத் தொடர்வேன்.