பி.எஸ்சி. கணிதம் படித்தவர் பொருளியலில் பிஎச்.டி. செய்யலாமா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்து, எம்.ஏ. பொருளியலில் 61 சதவீதம் எடுத்திருக்கிறேன். கிராமத்துப் பெண்களின் வேலை பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. இளநிலையில் பொருளியல் இல்லாததால் இடம் கிடைப்பது கஷ்டம், ஆய்வுத் திட்டத்தை நாங்களே எழுதித் தருகிறோம், 40 ஆயிரம் ஆகும் என்கிறது ஓர் ஆலோசனை மையம். கொடுக்கலாமா? - வாசகி, நாமக்கல்

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறை கேட்பது முதுநிலையில் 55 சதவீதம். அது உங்களிடம் இருக்கிறது. கணிதம் குறையே அல்ல. பொருளாதாரத் தரவுகளைக் கணிதம் கொண்டு அலசும் எக்கனாமெட்ரிக்ஸ் பாடத்தில் மற்றவர்கள் திணறும்போது உங்களுக்குக் கைகொடுக்கப் போவதே அதுதான்.

இந்த மையங்கள் விற்பது ஒரே சரக்கு. '... மாவட்டப் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை - ஓர் ஆய்வு' என்று மாவட்டப் பெயரை மட்டும் மாற்றி நாலு பேருக்குத் தருவார்கள். நேர்முகத்தில் "இந்தக் கேள்வி ஏன்? தரவு எங்கே?" என்று கேட்டால் விழிக்கப்போவது நீங்கள்தான். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் ஜர்னல்களையும் இவர்களே காட்டுவார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022-லேயே எடுத்துவிட்டது. ஆனாலும் சில பல்கலைக்கழகங்கள் விடாப்பிடியாகக் கேட்கின்றன. அந்தப் பிடிவாதத்தில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

'பெண்களின் வேலை' என்பது தலைப்பு, இன்னும் கேள்வி ஆகவில்லை. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பான பிஎல்எஃப்எஸ் தரவை இலவசமாக இறக்கிப் பாருங்கள். சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுபவருக்குக் குறியீடு 21. அவர் வேலை செய்பவர். வீட்டுவேலையோடு விறகும் மாட்டுத்தீவனமும் சேகரிப்பவருக்கு 93. அவர் உழைப்பாளர் கணக்கிலேயே இல்லை. பால் ஊற்றும் வீட்டில் புல் அறுத்து வரும் பெண்ணை எதில் சேர்ப்பது? இப்படி ஒன்றைப் பிடித்தால் இரண்டு பக்க ஆய்வுத் திட்டத்தை நீங்களே எழுதிவிடலாம்.

அப்புறம், நெறியாளர், அதாவது உங்கள் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர். அதே யுஜிசி விதிமுறைப்படி, ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவு செய்தவர்களை ஓய்வு வரை வழிநடத்தலாம். அதன்பின் 70 வயது வரை இணை நெறியாளராக மட்டும் இருக்கலாம். அதாவது மூன்றரை ஆண்டு மீதமிருக்கும் பேராசிரியர் உங்களைச் சட்டப்படி எடுக்கலாம், ஆனால் நீங்கள் ஆய்வேட்டை முடிப்பதற்குள் ஓய்வு பெற்றிருப்பார். பாதியில் வேறொருவரிடம் மாறவேண்டும்; அவர் உங்கள் தலைப்பையே மாற்றச் சொல்லலாம். துறை இணையப் பக்கத்தில் பேராசிரியரின் விருதுகள் எல்லாம் இருக்கும், ஓய்வு தேதி மட்டும் இருக்காது. துறை அலுவலகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள், சேருவதற்கு முன்பே.