ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்: நகையை விற்கும் முன்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம், இன்னும் பேச்சு வரவில்லை. இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து முதுகுத்தண்டில் ஊசியாகப் போட்டால் பேசுவான், அமெரிக்க ஆய்விலேயே நிரூபணமாகிவிட்டது என்று சொல்லிப் பல லட்சம் கேட்கிறார்கள். நகையை விற்றாவது செய்யலாமா?

பதில்: விற்காதீர்கள், அம்மா. அவர்கள் சொல்வது டியூக் பல்கலைக்கழக ஆய்வாக இருக்கலாம். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்; தொப்புள்கொடி ரத்தத்திலும் அது உண்டு. 2017-ல் அங்கே 25 குழந்தைகளுக்கு அந்த ரத்தத்தை ஏற்றிப் பார்த்தபோது முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. நான்கு வயதுப் பிள்ளை ஆறு மாதத்தில் தானாகவும் வளரும், பயிற்சியாலும் வளரும். இத்தனை செலவழித்த பெற்றோரின் கண்ணுக்குச் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும். 'முன்பு, பின்பு' வீடியோக்களிலும் இதே குறைதான்.

அதனால் அதே குழு 180 குழந்தைகளை மூன்றாகப் பிரித்தது: சொந்தத் தொப்புள்கொடி ரத்தம், பிறர் கொடுத்தது, செல்லே இல்லாத திரவம். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. 2020-ல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதம் கழித்தும் பழகும் திறனில் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அறிவுத்திறன் குறைபாடு இல்லாத குழந்தைகளிடம் மட்டும் தகவல் தொடர்பில் சிறு முன்னேற்றத்துக்கான அறிகுறி இருந்தது. அதை இன்னொரு ஆய்வில் சோதிக்கலாமே தவிர, சிகிச்சையென்று விற்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே கொடுத்தது தொப்புள்கொடி ரத்தம், அதுவும் ரத்தக்குழாய் வழியாக. உங்களிடம் சொல்வது எலும்பு மஜ்ஜை, முதுகுத்தண்டு வழியாக. அந்த ஆய்வு இதற்குச் சான்றே ஆகாது. மஜ்ஜை எடுக்கக் குழந்தைக்கு மயக்க மருந்து வேண்டும். முதுகு ஊசியால் தலைவலி, வாந்தி வரலாம். கிருமி புகுந்தால் மூளைக்காய்ச்சல் ஆகலாம். இம்முறைக்குப் பின் வலிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆட்டிசக் குழந்தைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம்.

கேள்வி: உண்மையான ஆராய்ச்சியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கட்டணம் கேட்டாலே சந்தேகப்படுங்கள். பரிசோதனையில் உள்ள சிகிச்சைக்குப் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் தேடுங்கள். அதே மருத்துவமனை, அதே செல், அதே வயது வரம்பு இருக்கிறதா பாருங்கள். ஆனால் பதிவு எண் மட்டும் அனுமதி ஆகாது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு பற்றிச் சொல்லும் தமிழ்ப் படிவம், மூன்றையும் கேளுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கப்படவில்லை என்று 2022 டிசம்பரிலேயே தேசிய மருத்துவ ஆணையத் தரப்பு சொல்லிவிட்டது.

கேள்வி: பேச்சு வர இப்போது என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள்; 'பெரா' சோதனை தூக்கத்திலேயே செய்யலாம். பிறகு அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சி கேளுங்கள். வீட்டில் தண்ணீர், சாப்பாடு, பந்து என அவன் விரும்பும் பொருள்களின் படங்களை அட்டையில் ஒட்டி, படத்தை நீட்டியதும் பெயரைச் சொல்லிப் பொருளை உடனே கொடுங்கள். படம் காட்டிப் பழகினால் பேச மாட்டான் என்று பயப்பட வேண்டாம். அது பேச்சைத் தடுப்பதில்லை.