கம்பியை அவுக்காதீங்க தம்பி – வாசகர் கடிதம்

அண்ணா வணக்கம். நான் டல்லாஸ்ல இருக்கேன், சொந்த ஊர் பாளையங்கோட்டை. பழைய ராணுவ சாமான்கள் பத்தி நீங்க எழுதுறதை விடாம படிக்கிறேன். போன மாசம் இங்க ஒரு கன் ஷோல ஒரு த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் பாத்தேன். பக்கவாட்டுல கிரீடம், கீழ இஷாப்பூர் (வங்காளத்துல இருக்கற துப்பாக்கித் தொழிற்சாலை), 1943ன்னு இருந்துச்சு. நம்ம ஊர் துப்பாக்கின்னதும் விட மனசு வரல, வாங்கிட்டேன். ஆனா முன்கட்டையில கம்பிய நெருக்கமா சுத்தி ஈயம் வச்சு பத்த வச்சிருக்காங்க. கூடவே டம்ளர் மாதிரி ஒரு இரும்பு கப்பும் குடுத்தாங்க, குழல் முனையில மாட்டுறதாம். கூட வேலை பாக்குற நண்பர் கம்பிய வெட்டி எடுத்துட்டு கட்டைய தேய்ச்சு பாலிஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிடும், ரேஞ்சுக்கு கொண்டுபோய் சுடலாம்ங்கறார். செய்யலாமா? அடுத்த வருஷம் ஊருக்கே வந்துடலாம்னு இருக்கோம், இதையும் கொண்டு வர முடியுமா?

*

தம்பி, முதல்ல அந்த கட்டிங் பிளேயரை உங்க நண்பர் கையில இருந்து வாங்கி வைங்க. கம்பிய தொடவே தொடாதீங்க. அது உடைஞ்ச கட்டைக்கு போட்ட கட்டு இல்ல, அழகுக்கும் இல்ல. அந்த துப்பாக்கி என்ன வேலை பாத்துச்சுன்னு சொல்ற முக்கியமான சாட்சி அதுதான்.

நம்ம ராணுவத்துல இதுக்கு ஜி.எஃப். ரைஃபிள்னு பேரு, கிரனேடு ஃபயரிங், அதாவது கையெறி குண்டை சுடுற துப்பாக்கி. வெள்ளைக்காரன் ஈ.ஒய். ரைஃபிள்னு சொல்லுவான். மில்ஸ்ங்கற கையெறி குண்டு ஒண்ணு முக்கால் கிலோவுக்கும் மேல இருக்கும், கையால வீசுனா நல்ல பலசாலிக்கே 30 கஜம் தாண்டுறது கஷ்டம், அதையே இந்த கப்புல வச்சு அடிச்சா 200 கஜம் வரைக்கும் போகும். கைக்கும் பீரங்கிக்கும் நடுவுல இருந்த அந்த இடைவெளிய அடைக்கத்தான் முதல் உலகப்போர் பதுங்குகுழியில இதெல்லாம் பொறந்துச்சு.

ஆரம்பத்துல கப்பு கிடையாது. குண்டோட அடியில நீளமா ஒரு கோல் இருக்கும், அதை குழலுக்குள்ள விட்டு தோட்டா இல்லாத வெறும் மருந்து கேட்ரிஜால சுடுவாங்க. இதுல என்ன ஆச்சுன்னா, அந்தக் கோல் குழலுக்குள்ள எங்க முடியுதோ அந்த இடத்துல அழுத்தம் தாங்காம இரும்பு மோதிரம் மாதிரி உப்பிடும், அப்புறம் அந்த துப்பாக்கிய நம்பி குறி பாக்க முடியாது. பழைய குழல் எது கிடைச்சாலும் போல்ட்டை கழட்டிட்டு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாருங்க, உள்ள பளபளன்னு போயிட்டே இருக்கும்போது நடுவுல ஒரு இடத்துல கருப்பு வளையம் தெரிஞ்சா அங்க உப்பியிருக்குன்னு அர்த்தம். நான் முதல் தடவை அதை பாத்தப்போ அழுக்குன்னு நினைச்சு அரை மணி நேரம் துணி விட்டு தேய்ச்சிருக்கேன், போகவே இல்ல.

போர் முடியறதுக்குள்ள கப்பு வந்துடுச்சு. இரண்டரை இஞ்ச் வாய், குண்டோட அடியில ஒரு வட்டத் தகடு மாட்டி உள்ள இறக்குவாங்க, கப்போட சுவரே குண்டோட லிவரை பிடிச்சுக்கும், வெளிய பறந்தப்புறம்தான் லிவர் விடுபட்டு திரி பத்தும். கையால வீசுற குண்டுக்கு 4 செகண்டுன்னா இதுக்கு 7 செகண்டு திரி. உங்க கப்போட அடிப்பக்கம் தடவிப் பாருங்க, திறந்து மூடுற மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். தூரத்தை முடிவு பண்றது அதுதான். துப்பாக்கி எப்பவும் 45 டிகிரி சாய்வுலயே இருக்கும், பக்கத்துல விழணும்னா ஓட்டைய திறந்து புகைய கொஞ்சம் வெளிய விட்டுடுவாங்க. எவ்வளவு எளிமையான யோசனை பாருங்க, எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான். தோள்ல வச்சு சுட்டா தோள்பட்டை காலி, அதனால முட்டி போட்டு அடிக்கட்டைய தரையில ஊன்றிதான் சுடணும்.

இப்ப கம்பிக்கு வருவோம். முக்கால் கிலோ இரும்பை உந்தித் தள்ளும்போது வர்ற உதைப்பு சாதாரண தோட்டாவோட உதைப்பு மாதிரி இல்ல, முன்கட்டை பிளந்துக்கும். குழலே வெடிச்சாலும் சிதறல் பிடிச்சிருக்கறவன் கைய பதம் பாக்கக்கூடாது. அதுக்காக சுத்தினதுதான் இந்தக் கம்பி. பெரும்பாலும் தேய்ஞ்சு போய் தோட்டா வேலைக்கு கழிச்ச துப்பாக்கியத்தான் இதுக்கு மாத்துவாங்க. அதனால ரேஞ்சு யோசனையும் வேண்டாம் தம்பி, இது எத்தனை குண்டு அடிச்சு எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்க கண்ணுக்கும் கைக்கும் விலை கிடையாது.

இதே வேலைய பிரெஞ்சுக்காரன் வேற மாதிரி செஞ்சான். அவனோட வி.பி. (விவென்-பெசியேர்) குண்டுக்கு நடுவுல நேரா ஒரு ஓட்டை, சாதாரண தோட்டாவையே சுடலாம், தோட்டா ஓட்டை வழியா போகும்போதே திரிய பத்த வச்சுட்டு போயிடும், பின்னாடி வர்ற புகை குண்டைத் தூக்கி எறியும். நம்ம குண்டுல தோட்டா போக அந்த மாதிரி வழி கிடையாது, மறந்துபோய் நிஜத் தோட்டாவ போட்டா, சுட்டவன் கதி அவ்வளவுதான்.

இந்தக் கப்புல வச்சு சுட்ட மில்ஸ் குண்டுக்கு 36 எம்னு பேரு, அதுல வர்ற எம், மெசபடோமியா. இன்னைக்கு ஈராக்னு சொல்றோமே, அங்க இந்திய சிப்பாய்ங்க, நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற ராணுவப் பொறியாளர் படை உட்பட, சண்டை போட்ட இடம். அந்த வெக்கையிலயும் ஈரத்துலயும் குண்டு கெடாம இருக்க அரக்கு பூசினாங்க. அதே 36 எம்தான் சுதந்திரத்துக்கு அப்புறமும் நம்ம ராணுவத்துல ஓடுச்சு, அதுக்கு பதிலான புதுக் குண்டோட முதல் தொகுதிய ராணுவம் வாங்கினதே 2021 ஆகஸ்ட்லதான். கப்பு பாத்த வேலைய இப்ப குழலுக்கு அடியில மாட்டுற 40 மில்லிமீட்டர் லாஞ்சர் பாக்குது, அதை நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலயே பண்றாங்க.

போலி விஷயத்துல மட்டும் கவனம். சாதாரண இஷாப்பூருக்கு புதுசா கம்பி சுத்தி விலை ஏத்தி விக்கிற ஆளுங்க இருக்காங்க. பழைய கம்பின்னா ஈயம் மங்கி சாம்பல் நிறமா இருக்கும், சுத்துக்கு நடுவுல எண்ணெயும் தூசியும் சேந்து தார் மாதிரி இறுகியிருக்கும், கம்பி ஓரத்துல மரம் லேசா உள்ள அமுங்கியிருக்கும். நகத்தால சுரண்டினா பளிச்சுனு சுத்தமா இருந்துச்சுன்னா எனக்கு சந்தேகம்தான். உங்களோடதுல கிரீடம் இருக்குன்னு சொன்னது 1943க்கு சரியாத்தான் இருக்கு, சுதந்திரத்துக்கு அப்புறம் வந்ததுல கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்துடும்.

கப்போட சேத்து குண்டும் தரேன்னு யாராச்சும் சொன்னா, உள்ள மருந்து இல்லாம அடியில துளை போட்ட வெறும் கூடான்னு தெரியாம கையே வைக்காதீங்க. மருந்து இருக்கறது அமெரிக்காவுல 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவு பண்ண வேண்டிய ஆயுதம். அதை விடுங்க, பழைய குண்டு யாரையும் எப்ப வேணா கொல்லும். பிரான்ஸ்லயும் பெல்ஜியத்துலயும் நூறு வருஷம் கழிச்சு இன்னும் உழவு சால்ல வெடிக்காத குண்டு கிளம்பிக்கிட்டே இருக்கு.

ஊருக்கு கொண்டு வர்றது நடக்காது. இங்க த்ரீ நாட் த்ரீ தடை செஞ்ச ரகம், மத்திய அரசோட தனி அனுமதி இல்லாம 1959 ஆயுதச் சட்டம் தனியாள் வச்சுக்க விடாது. புராதனப் பொருளுக்கு விலக்கு இருக்குதான், ஆனா ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாததா இருந்தாத்தான் அது பொருந்தும். அதுக்காக குழலை அறுத்து பாழாக்காதீங்க. வர்றதுக்கு முன்னாடி அங்கயே ஒரு மியூசியத்துக்கோ, கம்பிய அவுக்க மாட்டேன்னு சொல்ற ஒரு சேகரிப்பாளருக்கோ, கப்பையும் துப்பாக்கியையும் பிரிக்காம ஒண்ணா குடுத்துடுங்க. அதுவரைக்கும் மரத்துக்கு லேசா லின்சீட் ஆயில், கம்பிக்கு ஒண்ணும் வேண்டாம். ஜி.எஃப். ஒன்லின்னு எங்கயாவது முத்திரை இருக்கான்னு பாத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அடிக்கட்டையையும் சேத்து எடுங்க, தரையில ஊன்றின தழும்பு அங்க இருக்கும்.