உத்தராயணம் தையிலா, மார்கழியிலா?

அன்புள்ள ஐயா,

சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 என்கிறது பள்ளிப் பாடம். தை 1 என்கிறது பஞ்சாங்கம். எது சரி? இந்த இடைவெளி கூடிக்கொண்டே போனால் மழைக்காலமும் நகருமா?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

சூரியன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22, அதாவது மார்கழி முதல் வாரத்தில். மொட்டைமாடியிலேயே அளந்து பார்த்துவிடலாம். ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்துங்கள். சென்னையில் டிசம்பர் 21 உச்சிவேளை நிழல் சுமார் 74 செ.மீ. ஜனவரி 14 அன்று 68, 69 தான் இருக்கும். தை பிறக்கும் முன்பே நிழல் குறுகத் தொடங்கிவிட்டது.

கடிகாரத்தில் 12 மணி ஆனதும் அளந்தால் கணக்குத் தப்பும். சென்னையின் உச்சிவேளை டிசம்பர் 21இல் 12.07, ஜனவரி 14இல் 12.18 வாக்கில். 11.50 முதல் 12.35 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல்நுனியைக் குறித்து, மிகச் சிறியதை எடுங்கள். நுனி மங்கலாகத்தான் விழும். மங்கலின் நடுவைக் குறிக்க வேண்டும். திரும்பும் நாளை நேராகப் பிடிக்க முடியாது, அந்த வாரம் முழுக்க நிழல் அசையாததுபோல் இருக்கும். நவம்பர் 28இன் நீளம் மறுபடி ஜனவரி 14 வாக்கில் வரும். இரண்டுக்கும் நடுநாள்தான் நாம் தேடுவது.

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்தபடி, ஓயப்போகும் பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 25,800 ஆண்டு. பருவங்கள் இந்தச் சாய்வைப் பின்பற்றுகின்றன. நம் வழக்கிலுள்ள நிரயனப் பஞ்சாங்கம் நட்சத்திரங்களைப் பின்பற்றுகிறது. நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிட 20 நிமிடம் நீளம் என்பதால் 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகல். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் தை 1உம் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன. வானியற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையிலான குழு பரிந்துரைத்து 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டி பருவத்தோடு ஒட்டிச் செல்கிறது. நம் பஞ்சாங்கங்களும் அந்த வழிக்கு வருவதே நல்லது என்பேன்.

மழைக்காலம் நகராது. ஐப்பசி என்ற பெயர்தான் அடைமழையை விட்டு விலகும்.

ஆனால் அச்சின் இதே தலைசுற்றலால் மழையின் வலு மாறும். இன்று பூமி சூரியனை நெருங்குவது ஜனவரி முதல் வாரத்தில். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அது வடகோளக் கோடையில் நிகழ்ந்தது. வெயில் இன்றைவிடக் கடுமை. நிலம் கூடுதலாகச் சூடேறிக் கடலின் ஈரக்காற்றை இழுத்தது. இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை வலுத்தது. சகாராவில் ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன.