இரண்டு கட்டம் போட்டால் சமநிலை ஆகிவிடுமா?

கேள்வி: லண்டன் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு பயிற்சித்தாள் தந்திருக்கிறார்கள். ‘பிரிட்டிஷ் பேரரசு: நன்மை, தீமை’ என்று இரண்டு கட்டம். ரயில், ஆங்கிலம், அடிமை வியாபாரம், பஞ்சம் எல்லாவற்றையும் பிரித்து எழுத வேண்டுமாம். இரு பக்கமும் சொல்லும்படி சட்டமே சொல்கிறது என்கிறார் ஆசிரியர். உண்மையா? – ஹாரோ வாசகி

பதில்: பாதி உண்மை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 406ஆம் பிரிவு, எந்தப் பாடத்திலும் ஒருசார்பான அரசியல் கருத்தைப் பரப்பக் கூடாது என்கிறது. அரசியல் விவகாரம் வகுப்புக்கு வந்தால் எதிரெதிர்க் கருத்துகளைச் சமநிலையோடு முன்வைக்க வேண்டும் என்பது 407ஆம் பிரிவு. ஆளுக்குப் பாதி நிறுத்துக் கொடுப்பதல்ல சமநிலை. அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோரின் பருவநிலை மாற்ற ஆவணப்படத்தை அரசு பள்ளிகளுக்கு அனுப்பியதை எதிர்த்து 2007இல் ஒரு வழக்கு நடந்தது. நியாயமாகவும் விருப்பு வெறுப்பின்றியும் சொல்வதே சமநிலை என்று நீதிபதி பர்ட்டன் அதில் விளக்கினார். படத்துக்குத் தடை விதிக்கவில்லை, விளக்கக் குறிப்போடு காட்டலாம் என்றார்.

பேரரசைச் சமநிலையோடு கற்பிக்கும்படி கல்வித் துறையின் 2022 பிப்ரவரி வழிகாட்டுதல் சொல்வது சரிதான். ஆனால் இனவெறி தவறு என்பதற்கு எதிர்க்கருத்து தேடச் சொல்லவில்லை. அதைப் பள்ளிகள் வலியுறுத்தவே வேண்டும் என்கிறது. பேரரசின் விளைவுகளை எப்படி மதிப்பிடுவது என்பதில் விவாதம் உண்டு. அடிமை வியாபாரத்தின் கொடுமையில் விவாதமே இல்லை. நடந்ததையும் அதைப் பற்றிய தீர்ப்பையும் ஒரே கட்டத்தில் திணிப்பதுதான் இந்தத் தாளின் கோளாறு.

தாளை நிறுத்தச் சொல்லாதீர்கள், கேள்வியை மாற்றச் சொல்லுங்கள். ‘ரயில் நன்மையா?’ என்பதைவிட, ‘யார் முதலீட்டில் போட்டார்கள், லாபத்துக்கு யார் உத்தரவாதம்?’ என்று கேட்கலாம். பிரிட்டிஷ் முதலீட்டாளர்களுக்கு 5 சதவீத வருமான உத்தரவாதம். குறைந்தால் ஈடுகட்டியது இந்திய வரிப்பணம். அடிமை ஒழிப்பை 1833 சட்டத்தோடு முடித்துவிடக் கூடாது. உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு; அடிமைப்பட்டவர்களுக்கு ஒரு காசு இல்லை. 1834 முதல் மொரிஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். அதில் தமிழர்களும் உண்டு. இதையெல்லாம் படித்த பிள்ளை தானாகவே மதிப்பிடும்.

கேள்வி: ‘காவல் துறைக்கு நிதியை நிறுத்து’ என்ற சுவரொட்டியை ஆசிரியர் வகுப்பில் ஒட்டலாமா?

பதில்: ஆதரவாக ஒட்டக் கூடாது. இதே கோரிக்கையை ஒருசார்பு அரசியல் கருத்துக்கு உதாரணமாக அந்த வழிகாட்டுதல் காட்டுகிறது. எதிர்வாதத்தோடு சேர்த்துப் பாடமாக நடத்தலாம்.

கேள்வி: பிடிக்காத வரலாற்றுப் பாடத்திலிருந்து பிள்ளையை விலக்க முடியுமா? பாடப்பொருளைக் காட்ட மறுத்தால் என்ன செய்வது?

பதில்: இங்கிலாந்தில் விலக்க முடியாது. அந்த உரிமை சமயக் கல்வி, கூட்டு வழிபாடு, பாலியல் கல்வி ஆகியவற்றோடு சரி.

தாளைப் பார்க்க முதலில் ஆசிரியரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பாடத்தின் பெயர், தேதி, உறுத்தும் வரி மூன்றையும் அப்படியே எழுதுங்கள். ‘அரசியல் புகுத்துகிறார்கள்’ என்று பொதுவாக எழுதினால், பதிலும் பொதுவாகத்தான் வரும். பிறகு தலைமை ஆசிரியர், அடுத்து நிர்வாகக் குழு. புகார் நடைமுறை பள்ளியின் இணையதளத்தில் இருக்கும். மறுத்தால் 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டப்படி கேட்கலாம். பள்ளி நடக்கும் 20 நாள் அல்லது 60 வேலை நாள், எது முன்போ அதற்குள் பதில் வர வேண்டும். ஜூலைக் கடைசியில் கேட்டால் செப்டம்பர் கடைசிவரை இழுக்கும். தனியார் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.