கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் வெப்பத்தைப் புரிந்துகொள்வதில் வித்தியாசம் உண்டா?

அரசுத் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள். நான் பார்த்தவரை வெப்பத்தைப் பற்றிய தப்பான எண்ணங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். அதைத் தாளில் எழுதச் சொல்லும்போதுதான் பெரிய இடைவெளி விழுகிறது.

போன வருடம் ஐந்தாம் வகுப்பில் இரண்டு ஐஸ் கட்டிகளை எடுத்து, ஒன்றைத் தட்டில் வைத்தேன், இன்னொன்றைக் கம்பளியில் சுற்றினேன். எது முதலில் கரையும்? "கம்பளியில இருக்கறதுதான் டீச்சர், கம்பளி சூடு" என்று வகுப்பே சொன்னது. முதல் மார்க் வாங்குகிற பிள்ளையும் அதைத்தான் சொன்னாள். போர்த்தினால் கதகதப்பாக இருக்கிறது, அப்படியானால் கம்பளிக்குள் சூடு இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. பிரெஞ்சு வேதியியல் அறிஞர் லவாய்சியரே 1789இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் வெப்பத்தையும் ஒரு பொருளாகச் சேர்த்திருந்தார். நம் வீடுகளிலோ பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி. "தொட்டா ஜில்லுனுதானே இருக்கு, பாட்டி ஏன் பப்பாளி சூடுங்கறாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது எனக்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

ஒரு பையன் மட்டும் தலையாட்டவில்லை. எழுதினால் அவனுக்குக் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். அவன் அம்மா மீன் விற்கிறார். "சாக்குல சுத்துனாத்தான் டீச்சர் ஐஸ் நிக்கும்" என்றான். அரை மணி கழித்துப் பிரித்தோம். தட்டில் தண்ணீர், கம்பளிக்குள் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி மிச்சம் இருந்தது. வெளிச்சூட்டை உள்ளே லேசில் விடாததுதான் கம்பளியின் வேலை என்று அதை வைத்தே பேசினோம். அடுத்த வாரத் தேர்வில் 'அரிதிற்கடத்திக்கு எடுத்துக்காட்டு தருக' என்ற கேள்விக்கு அவன் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "சூட்டை லேசுல உள்ள விடாதது எது?" என்றேன். உடனே, "சாக்கு" என்றான். அவன் வாயால் சொன்னதற்கே மதிப்பெண் போட்டேன். இதைச் சலுகை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. அறிவுசார் குறைபாடுள்ள ஒரு சிறுமிக்கு இன்று புரிந்தது நாளை இருக்காது. ஆவி வந்தால் சூடு, நெருப்பு தெரிந்தால் சூடு, அவ்வளவுதான். அடுப்பை அணைத்த பின் தோசைக்கல் வெறும் கறுப்புக் கல்லாகத் தெரிவதால், வீட்டில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டாள். அவளுக்குக் கம்பளிப் பாடம் அவசரமில்லை என்று முடிவு செய்தேன். உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, அனல் அடிக்கிறதா என்று பார்க்கப் பழக்கினோம். அம்மா வீட்டில், நான் சத்துணவுக் கூடத்தில், கூடவே நின்று, தினமும். இரண்டு மாதம் ஆனது. இப்போது பால் டம்ளரைக்கூட அப்படிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறாள். அனல் தெரிந்தால் "இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறாள்.