கழுத்தில் போட்ட லைனை அடிக்கடி மாற்றச் சொல்லலாமா?

கேள்வி: அப்பா ஐசியுவில் இருக்கிறார். கழுத்தில் சென்ட்ரல் லைன் (இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய்) போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரே குழாய் இத்தனை நாள் இருந்தால் ரத்தத்தில் கிருமி ஏறிவிடாதா? மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லலாமா டாக்டர்?

பதில்: பயம் நியாயமானதுதான், ஆனால் மாற்றச் சொல்லாதீர்கள். நாள் கணக்கு வைத்து சென்ட்ரல் லைனை மாற்றினால் தொற்று குறைவதில்லை. புதிதாகக் குத்தும் ஒவ்வொரு முறையும் ரத்தக்கசிவு, நுரையீரலில் ஊசி பட்டுவிடுவது என்று வேறு வம்புகள்தான் சேரும். அதற்குப் பதிலாக, ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் ஒன்று கேளுங்கள்: "இந்த லைன் இன்றைக்கும் தேவையா?" பிரஷரை ஏற்றிப் பிடிக்கும் மருந்து நின்றிருக்கும், நோயாளி வாயால் சாப்பிட ஆரம்பித்திருப்பார், கையிலேயே மருந்து ஏற்றலாம் என்றும் ஆகியிருக்கும், அப்போதும் "எதற்கும் இருக்கட்டும்" என்று லைனை விட்டுவைப்பார்கள் பாருங்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

லைன் வழியாக வரும் தொற்றைத் தடுக்க ஐந்து விஷயங்கள் போதும்: கை கழுவுவது, தோலை குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது, லைன் போடும்போது தொப்பி, மாஸ்க், கவுன், கையுறையோடு நோயாளியை முழுசாக மூடும் ஸ்டெரைல் துணி, முடிந்தவரை தொடைப் பகுதியைத் தவிர்ப்பது, தேவையில்லாததை எடுத்துவிடுவது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில் இந்த ஐந்தையும் விடாமல் கடைப்பிடித்ததில், இவ்வகைத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது. 2006-ல் அந்த ஆய்வு வெளியானது. புது மருந்து, புது மெஷின் எதுவும் இல்லை.

கேள்வி: பக்கத்தில் இருக்கும் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? நர்ஸிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: கோபித்தால் கோபிக்கட்டும், மரியாதையாகக் கேளுங்கள். நல்ல நர்ஸ் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

முதலில் மருந்து செலுத்தும் முனையைப் பாருங்கள். ஒரு நாளில் எத்தனை முறை திறக்கிறார்கள், எத்தனை கைகள் படுகின்றன! சிரிஞ்சைச் சொருகுவதற்கு முன் ஸ்பிரிட் பஞ்சால் அந்த முனையைச் சில விநாடிகள் அழுத்தித் தேய்த்து, காயவிட வேண்டும். பேருக்கு ஒரு தொடு தொட்டுவிட்டு ஈரத்தோடேயே சொருகுவது சுத்தம் செய்ததில் சேராது. உள்ளே போகும் கிருமி குழாயின் சுவரில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் அதை முழுசாக அழிப்பது கஷ்டம், பல நேரம் லைனையே உருவ வேண்டியிருக்கும்.

அடுத்தது டிரெஸ்ஸிங். ஒளி ஊடுருவும் பிளாஸ்திரி என்றால் ஏழு நாளுக்கு ஒருமுறை, காஸ் துணி என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். ஓரம் பிரிந்திருந்தாலோ நனைந்திருந்தாலோ ரத்தம் கசிந்திருந்தாலோ தேதி பார்க்கக் கூடாது, உடனே மாற்ற வேண்டும். நீங்களே பிரித்துப் பார்க்காதீர்கள், அதுவும் ஒரு தொல்லை.

காய்ச்சல், குளிர் நடுக்கம், அதிலும் லைன் வழியாக மருந்து ஏற்றியதும் நடுக்கம் வந்தால், அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். குத்திய இடம் பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று சும்மா இருக்க வேண்டாம். ரத்தத்தில் தொற்று இருக்கும்போதும் வெளியே தோல் சாதாரணமாகவே தெரியலாம்.

கேள்வி: டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குளிக்கலாமா?

பதில்: குழாய், டிரெஸ்ஸிங் இரண்டும் நனையாதபடி மூட வழி இருந்து, உங்கள் டயாலிசிஸ் யூனிட்டும் சரி என்றால் குளிக்கலாம். இல்லையென்றால் இடுப்புக்குக் கீழே தண்ணீர் விட்டுக்கொண்டு, மேல் உடம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள். குளமும் நீச்சல் தொட்டியும் வேண்டவே வேண்டாம். டயாலிசிஸ் தொடர்ந்து தேவைப்படும் என்றால், கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) ஆபரேஷன் எப்போது என்று இப்போதே கேட்டுவையுங்கள். அது பக்குவப்பட வாரக்கணக்கில் ஆகும், ஆனால் கழுத்துக் குழாயைவிட அதில் தொற்று மிகவும் குறைவு.